உரிமையாளர் யார் என்று கேட்ட பூட்டு

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவே இல்லை. மானகிரியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கே பாடம் விளங்க வைத்தவருக்கு மகளின் உத்தியோகத்தை மட்டும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது என்னைப் பற்றி விசாரிப்பார்கள்.

"ஜெசிந்தா மெட்ராஸ்ல பூட்டுக் கம்பெனில மேனேஜரா இருக்கு" என்பார்.

"பூட்டுச் செய்யிதா?"

"இல்ல, அதுக்கு இஞ்சினியருக இருக்காக."

"அப்ப விக்கிதா?"

"அதுக்கும் வேற ஆளுக இருக்காக."

"பெறகு என்னதான் வாத்தியாரே செய்யிது?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் வாயைத் திறந்து "புராடக்ட் மேனேஜர்" என்று ஆரம்பிப்பதற்குள், விசாரித்தவர் தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு நல்ல பூட்டாக ஒன்று கம்பெனி விலையில் கிடைக்குமா என்று கேட்டுவிடுவார்.

அப்பா இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்று காரைக்குடிக்கே வந்துவிட்டேன். போன மாதம் என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள், அவர்களே இப்போது பெரிய மேனேஜர்கள், ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதின அறிக்கைகளையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தள்ளிவிடுகிறதாம். "அப்படின்னா எங்களுக்கு இனிமே என்ன வேலை மேடம்? நீங்க என்னதான் செஞ்சீங்கன்னு எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். மாட்டுக்கொட்டகைக்காரர் கேட்ட அதே கேள்விதான். அவருக்குச் சொல்லாத பதிலை இவர்களுக்காவது சொல்லிப் பார்க்கிறேன்.

பூட்டைச் செய்கிறவர்கள் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். விற்கிறவர்கள் கடைத்தெருவில் அலைகிறார்கள். எந்தப் பூட்டைச் செய்ய வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும், முக்கியமாக என்ன இருக்கக் கூடாது என்று நடுவில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்தான் புராடக்ட் மேனேஜர். பெயரில்தான் மேனேஜர். இஞ்சினியருக்கு வேறு மேலதிகாரி, விற்பனைக்காரருக்கு வேறு மேலதிகாரி. நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. பேசிப் பேசியேதான் வேலை வாங்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் நடு மருமகளாக இருந்த பெண்ணுக்கு இந்த வேலை தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு.

இந்த நாற்காலிக்கு நான் நேராக வரவில்லை. காரைக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்தேன். போனை எடுத்தால் திட்டு, வைத்தால் அடுத்த திட்டு. சில வருடங்கள் அப்படியே ஓடின. திட்டுகிறவர்களைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழி. மூச்சு வாங்குவதற்காக அவர்கள் நிறுத்தும்போது, "அப்பறம் என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்பேன். கேட்டதும் குரல் இறங்கிவிடும். சாவி சிக்கிக்கொண்டதும் தேங்காய் எண்ணெய் விட்டது, பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஒருநாள் என் பின்னால் ஒருவர் ரொம்ப நேரமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எந்த ஊரு நீங்க?"

"மானகிரி சார், காரைக்குடி பக்கம்."

"நம்ம ஆளுகதானா! நான் இளையான்குடி. திங்கக்கெழமை என் ரூமுக்கு வாரீகளா?"

அவர்தான் ஜமால் சார், புராடக்ட் பிரிவின் தலைவர். அந்தத் திங்கட்கிழமை மட்டும் இல்லாவிட்டால் நான் இன்னொரு பத்து வருடம் போனிலேயே திட்டு வாங்கிக்கொண்டிருந்திருப்பேன். இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோற்றில் அவருக்குப் பங்கு உண்டு. இதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். "சோத்துல மட்டுந்தானா, கொழம்புல இல்லையா?" என்பார்.

ஜமால் சாருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை கூடும். 'நீங்க' என்பது 'தாங்கள்' ஆகிவிட்டால் அறையில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வோம். அவர் முன்னால் "கஸ்டமர் இதை விரும்புறாங்க சார்" என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. "கஸ்டமர்னு ஒருத்தரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க" என்பார். பெயரும் ஊரும் தெரியாவிட்டால் போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டியதுதான்.

ஷட்டர் பூட்டு விவகாரத்தில் எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கடைக்காரர்கள் எங்கள் பூட்டு சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்னும் கெட்டியான எஃகு போட வேண்டும் என்றது தொழிற்சாலை. அப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அடைமழை. காரைக்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடைகளை மூடுகிற நேரம். ஜெராக்ஸ் கடைக்காரர் மாணிக்கம் ஷட்டரை இறக்கிப் பூட்டினார், பூட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டார். பக்கத்துக் கடையிலும் அதேதான். "மழ பெஞ்சா சாவி ஓட்டைக்குள்ள தண்ணி எறங்கி துருப் புடிச்சிருதுங்க" என்றார். எஃகைக் கெட்டியாக்கி என்ன செய்ய? சாவி ஓட்டைக்குச் சின்னதாக ஒரு ரப்பர் மூடி போதும் என்று ஊரிலிருந்தே போன் செய்தேன். "யாரு சொன்னா?" என்றார் ஜமால் சார். "காரைக்குடி மாணிக்கம் சார்" என்றேன். அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. மூடியோடு வந்த பூட்டு நன்றாகப் போனது. மாணிக்கத்துக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் அதற்கும் மேலே பையை மாட்டினார் மனுஷன்.

ஜமால் சாரிடம் ஒரு நடைமுறை இருந்தது. புதுப் பூட்டு எதுவானாலும் வேலை தொடங்குவதற்கு முன் நாங்கள் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் பூட்டின் பெருமை எதுவும் இருக்கக் கூடாது. பெயரும் ஊரும் உள்ள ஒரு நிஜ மனிதர் அதை வாங்கி, பெட்டியைப் பிரித்து, மாட்டி, பூட்டி, ஊருக்குப் போய்த் திரும்பி வந்து திறக்கிறவரை என்னென்ன செய்வார் என்பது மட்டும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதினவர் வாசிக்கக் கூடாது. கணக்குப் பிரிவிலிருந்து யாரையாவது கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்வார். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும். முதல் தடவை என் பக்கத்தை வாசித்த அம்மாள் தடுமாறாத வரியே இல்லை. அழுகை வந்துவிட்டது. "அழுதுட்டு எழுதுவீகளா, எழுதிட்டு அழுவீகளா?" என்று கேட்டுவிட்டு ஜமால் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாட்டேன் என்று சொல்லவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். விற்பனைக்காரர்கள் வாரத்துக்கு ஒரு புது ஆசையோடு வருவார்கள். பூட்டில் விளக்கு வேண்டும், பாட்டு வேண்டும் என்பார்கள். முடியாது என்று முகத்தில் அடித்தால் அடுத்த முறை நல்ல யோசனையைக்கூட நம்மிடம் கொண்டுவர மாட்டார்கள். "இது முடியாது, ஏன்னா இன்ன காரணம். இதுக்குப் பதிலா இதைச் செய்ய முடியும், இந்தத் தேதிக்குள்ள" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிப் பழக எனக்கு வருடக்கணக்கில் பிடித்தது. வீட்டுக்காரரிடம் இன்னமும் பலிக்கவில்லை.

பிறகு போனில் திறக்கிற பூட்டுகள் வந்தன. எங்கள் கம்பெனியும் ஒன்று செய்தது, அதற்கு நான்தான் புராடக்ட் மேனேஜர். வேளச்சேரி சுரேஷ் என்பவரை வைத்து என் ஒரு பக்கத்தை எழுதினேன். அடுக்குமாடியில் சொந்த வீடு. உரிமையாளர் என்று அவருடைய பெயரையும் போன் நம்பரையும் பதிவார். வீட்டம்மாவுக்கும் வேலைக்கு வருகிறவருக்கும் திறக்கும் எண் கொடுப்பார். அந்த எண் ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு வேண்டுமென்றால், உரிமையாளரின் போனுக்கு ஓடிபி போகும், அதைப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். அவசரத்துக்கென்று இரும்புச் சாவி இரண்டு. கணக்குப் பிரிவு அம்மாள் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பூட்டு வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். கோயில் திருவிழாவுக்காக நான் மானகிரியில் இருந்தேன். காலையில் ஜமால் சார் போன் செய்தார்.

"ஜெசிந்தா, கண்டனூர் உங்களுக்குப் பக்கமா?"

"பக்கந்தான் சார்."

"அங்க ஒரு கல்யாண வீட்டுல நம்ம பூட்டு தொறக்க மாட்டேங்குதாம். நீங்களே நேர்ல போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

போனேன். கண்டனூரில் பெரிய வீடுகளெல்லாம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறக்கும். அந்த வீடும் அப்படித்தான். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளமாகக் கிடந்தது. பின்தெருவில் ஒரு சின்ன ஊரே நின்றது. வேனிலிருந்து இறக்கின வெண்கலப் பாத்திரங்கள், வாழைக்குலை, காய்கறி மூட்டை, சமையல்காரர்கள். கார்களுக்குள் பட்டுச்சேலைகள். மறுநாள் காலை முகூர்த்தம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெய்வானை ஆச்சி. மணப்பெண் வள்ளி அவருடைய மகள்.

"நீங்கதான் பூட்டுக் கம்பெனியா?"

"ஆமா ஆச்சி."

"விளக்கு வைக்கிறதுக்குள்ள கதவு தொறக்கணும். உடைக்கிறேன்னு மட்டும் சொல்லிராதீக. கல்யாண வீட்டுக் கதவை உடைச்சுக்கிட்டு நான் உள்ள போக மாட்டேன். எம்பிள்ளை கல்யாணம் தெருவுல நடந்தாலும் நடக்கட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

முன்வாசல் கதவு சித்திரவேலை செய்த தேக்கு. அதில் ஓட்டை போட மனமில்லாமல் உள்ளேயிருந்து குறுக்கு மரம் போட்டு அடைத்துவிட்டு, எங்கள் பூட்டைப் பின்கதவில் மாட்டியிருந்தார்கள். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி. எல்லார் கையிலும் இருந்த திறக்கும் எண் அந்த வாரந்தான் காலாவதி ஆகியிருந்தது. சென்னையில் எங்கள் பாதுகாப்பு இஞ்சினியர் கார்த்திக்கைப் போனில் பிடித்தேன்.

"ஓனரை லைன்ல வரச் சொல்லுங்க மேடம். சோலையப்பன்னு பதிவாகியிருக்கு."

திரும்பி, சோலையப்பன் யார் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அய்யா" என்றார் ஆச்சி. "இந்த வீட்டைக் கட்டுனவுக."

"அவுக இப்ப எங்க இருக்காக?"

"உள்ளதான் இருக்காக. படத்துல."

அப்போதுதான் விஷயம் மெல்ல வெளியே வந்தது. அந்த வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருந்தது. ஆளுக்கு ஓர் அறை, முற்றமும் முகப்பும் பொது. எங்கள் பூட்டு, "உரிமையாளர் பெயர்?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டிருக்கிறது. யார் தன் பெயரைப் போடுவது? மூத்தவர் போட்டால் அடுத்தவர் மனசு கோணும். இளையவர் போட்டால் மரியாதையாக இருக்காது. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, செத்துப் பல காலமான அய்யாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். போன் நம்பருக்கும் அதே யோசனைதான். வீட்டுக்கென்றே பொதுவாக ஒரு சிம் வாங்கி, ஒரு பழைய போனில் போட்டிருந்தார்கள். அந்தப் போன் எப்போதோ செத்துப்போனது. சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, மற்றவர் செய்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

"அவசரச் சாவி ரெண்டு குடுத்தோமே ஆச்சி?"

"அதையும் யார்ட்ட குடுக்குறது? யார்ட்டயும் வேணாம், வீட்டுட்டயே இருக்கட்டும்னு அய்யா படத்துக்குக் கீழ மாட்டி வச்சிருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இவ்வளவு பெருந்தன்மையாக ஒரு குடும்பம் தன்னைத் தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

கார்த்திக் இறங்கி வரவில்லை. "ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும் மேடம். இங்கேருந்து நானாத் திறந்துவிட மாட்டேன். இன்னைக்கு உங்களுக்காகத் திறந்தா, நாளைக்கு எவன் போன் பண்ணி அழுதாலும் திறக்கணும்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேறு வழியில்லாமல் அந்த நம்பருக்கே போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது! ஒரு பெண் எடுத்தார். பயன்படுத்தாமல் கிடந்த நம்பரைப் போன் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. நான் பூட்டு, கண்டனூர், ஓடிபி என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் வெடித்தார்.

"ஓ, நீங்கதானா அது? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை மெசேஜ் வருது, கண்டனூர் வீட்டுப் பின்கதவு திறக்கப்பட்டதுன்னு. எனக்கு ஏதுடி கண்டனூர்ல வீடுன்னு பயந்துபோயிக் கெடக்கேன். போன வாரம் பேங்குல இருந்து பேசுறேன்னு ஒருத்தன். இன்னைக்குக் கல்யாண வீடாக்கும்? ஓடிபியெல்லாம் நான் யாருக்கும் சொல்றதில்ல. வைங்க போனை!"

வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்க ஆள் வந்துபோனதைத்தான் பாவம் அவர் சொல்லியிருக்கிறார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. நான் ஜமால் சாரைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த வீட்டுக்கு யாரு ஓனர்?"

"அதைத்தான் சார் யாரும் சொல்ல மாட்டேங்கிறாக."

"சரியாத்தானே சொல்றாக. ஒரு ஓனர் இல்லைன்னா எல்லாரும் ஓனரு. பங்காளிக அத்தனை பேரையும் கேளுங்க. ஒருத்தர் வேணாம்னாலும் தொறக்காதீக. எல்லாரும் சரின்னா, கார்த்திக் முன்னால போன்ல சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு மனசு வச்சா தொறங்க. பயமுறுத்தியோ பொய் சொல்லியோ வாங்காதீக."

தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கார்த்திக்கிடம் சம்மதம் சொன்னார்கள். பினாங்கில் இருந்த ஒரு பங்காளி மட்டும், பூட்டு மாட்டினதையே தனக்குச் சொல்லவில்லையே என்று மனத்தாங்கலில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சம்மதித்தார். வெயில் தாழத் தொடங்கியிருந்தது. ஆச்சி நாற்காலியை விட்டு எழுந்து பின்கதவின் முன்னால் போய் நின்றுகொண்டார். வள்ளி காருக்குள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. இந்தக் கதவு திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் கல்யாணம் என் பூட்டால் தெருவுக்கு வந்தது என்று ஊர் சொல்லும், நானும் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன் செய்தால் எடுக்க மாட்டார் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். "நீங்கள் ஓடிபி சொல்லாததுதான் சரி. இனியும் கேட்க மாட்டேன். எங்களை நம்புவதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்." புகார்ப் பிரிவில் கற்றதுதான். திட்டுகிறவரை மறித்துப் பேசக் கூடாது, அவரைப் பேச விட வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. தையல் மெஷினுக்கு முன்னால் கழுத்தில் இஞ்சு டேப்போடு ஒரு பெண். அருப்புக்கோட்டையில் தையல் கடை, பெயர் செல்வி.

"எங்க, அந்தப் பின்கதவைக் காட்டுங்க பாப்போம்."

காட்டினேன். பாத்திரங்களை, வாழைக்குலையை, தெரு முழுக்க நின்ற ஆட்களைக் காட்டினேன். "சினிமாவுக்குக்கூட இப்படி செட்டுப் போடுவாக" என்றார். நம்பவில்லை. "பொண்ணைக் காட்டுங்க."

வள்ளியிடம் போனைக் கொடுத்தேன். செல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகூர்த்தச் சேலை என்ன கலரு?"

"அரக்குக்கா."

"ஜாக்கெட்டு தச்சாச்சா?"

அதைக் கேட்டதும் வள்ளிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தச்சாச்சுக்கா. கை இறுக்கிப் பிடிக்குது. உள்ள போயிப் பிரிச்சு விடலாம்னு பாத்தா கதவே தொறக்கல. நாளைக்கு எப்படிக்கா கையைத் தூக்குவேன்?"

செல்வி கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஏமாத்துறவ எவளும் ஜாக்கெட்டுக் கை பிடிக்குதுன்னு அழ மாட்டா. அழுகாத கண்ணு. கக்கத்துல உள்தையல் விட்டிருப்பாக, ஒரு வரி பிரிச்சா சரியாப் போகும். அந்தக் கருப்புக் கைப்பை அம்மாகிட்டக் குடுக்காத, உங்க அம்மாகிட்டப் போனைக் குடு. நம்பரை அவுககிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்."

கருப்புக் கைப்பை அம்மா நான்தான்.

கார்த்திக் ஓடிபி அனுப்பினான். நாங்கள் எல்லாரும் தள்ளி நின்றோம். ஆச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு செல்வி சொல்லச் சொல்ல ஒவ்வோர் எண்ணாகத் தானே அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தம். கதவு திறந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாண வழக்கப்படி யாரோ சங்கை எடுத்து ஊதினார்கள். ஆச்சி போனை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். செல்வியும் அந்தப் போனுக்குள் இருந்தபடியே முதல் ஆளாக வீட்டுக்குள் நுழைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சமையல்காரர் ஒருவர் பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சென்னைக்குத் திரும்பினதும் கூட்டம் நடந்தது. விற்பனைத் தலைவர், "நம்ம மேல தப்பில்லை. செத்தவர் பேரையும் செல்லாத நம்பரையும் குடுத்தது அவங்க. உபயோகிப்பவர் தவறுன்னு போட்டு மூடிரலாம்" என்றார். ஜமால் சார் அவர் பக்கம் திரும்பி, "தாங்கள் தயவுசெய்து அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லுகிறீர்களா?" என்றார். அவர் சொல்லவில்லை.

நான் புதிதாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இந்தத் தடவை வேளச்சேரி சுரேஷ் இல்லை, கண்டனூர் தெய்வானை ஆச்சி. கணக்குப் பிரிவு அம்மாள் வாசித்தார். "பெட்டியைப் பிரித்ததும் பூட்டு அவரிடம் உரிமையாளர் யார் என்று கேட்கிறது" என்ற இடத்தில் நின்றுவிட்டு, "எங்க வீட்டுலயும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது மேடம்" என்றார்.

"அந்த மாதிரிப் பெரிய வீடு எத்தனை இருந்துரும்?" என்று கேட்டார் விற்பனைத் தலைவர்.

"பெரிய வீடு வேண்டாம் சார். மானகிரியில எங்க அப்பா வீடு ரொம்பச் சின்னது. அப்பா போயிட்டாரு, இப்ப நான் இருக்கேன், தம்பி இருக்கான், துபாய்ல தங்கச்சி இருக்கா. ஓனர்னு யார் பேரைப் போட?" என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவரவர் வீட்டை நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. கடைசியில் வாயைத் திறந்தது கார்த்திக். தஞ்சாவூரில் தன் அம்மா தனியாக இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர், தங்கள் வீட்டுப் பூட்டில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதில் தனக்கே ஒரு வருத்தம் உண்டு என்றான். எல்லாரையும் சமமாகப் பதிகிற பூட்டை அவனே முன்நின்று செய்தான். யார் பெயரும் முதலில் வராது, யார் ஒருவரும் தனியாக அடுத்தவரை நீக்க முடியாது, ஒரு நம்பர் செத்துப்போனால் மற்றவர்களுக்குத் தகவல் போகும். செய்து முடிக்கிறவரை பழைய பூட்டைப் பங்கு வீடுகளுக்கு விற்பதில்லை என்று நான் சொன்னதற்கு விற்பனைத் தலைவரும் கடைசியில் ஒத்துக்கொண்டார். இன்ன காரணம், அதற்குப் பதிலாக இது, இந்தத் தேதிக்குள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஜமால் சார் அதற்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்று இளையான்குடிக்குப் போனார். இப்போதும் பெருநாளுக்குப் பிரியாணி வந்துவிடும். அவர், மாணிக்கம், கார்த்திக், தடுமாறி வாசித்த அந்த அம்மாள் என்று எனக்கு வாய்த்த மனிதர்களை நினைத்தால், இந்த வேலையில் நானாகச் செய்தது ரொம்பக் கொஞ்சம்தான். பிள்ளைகளே, பக்கத்தைக் கம்ப்யூட்டர் எழுதட்டும், தாராளமாக எழுதட்டும். அதில் யார் பெயரை, எந்த ஊரைப் போடுவது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது.

புதுப் பூட்டு தயாரானதும் நானே கண்டனூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து பெயரும் நம்பரும் பதிந்தார்கள். பினாங்குக்காரரை மறக்காமல் முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் போனை மூடப் போனேன்.

"இருங்க" என்றார் தெய்வானை ஆச்சி. "அருப்புக்கோட்டைப் பிள்ள நம்பரையும் போடுங்க."

"ஆச்சி, அது பங்காளிகளுக்கு உள்ளது. செல்விக்கும் இந்த வீட்டுக்கும்..."

"எங்க சாவிய இத்தனை நாளா கையில வச்சிருந்தும், கேட்டதும் தூக்கிக் குடுக்காத பிள்ள. அவட்ட ஒண்ணு இருந்தா நாங்க நிம்மதியாத் தூங்குவோம்."

பங்காளிகளைப் பார்த்தேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. போட்டேன்.

போன வாரம் பொங்கலுக்கு முந்தின நாள் பானை தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் செல்வியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மேடம், நம்ம கண்டனூர் வீட்டுக் கதவு தொறந்திருக்கு. ஆச்சி வந்துட்டாக போல."